முகம் மட்டும் எனக்கு

பெட்டியைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் இங்க பாருங்க, லேசா சிரிங்க" என்று அமல் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் பெட்டிக்குள் படுத்திருப்பது தன் அப்பா என்பது அவனுக்கு உறைத்தது. உறைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ காதருகே சொல்லிவிட்டுப் போன தகவல் மாதிரி வந்தது, போயிற்று.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய அத்தை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்கவா, சிரிப்பை அடக்கவா என்று தெரியவில்லை. துக்க வீட்டில் இரண்டுக்கும் அதே முந்தானைதான்.

எல்லாம் பழக்கதோஷம். கள்ளக்குறிச்சியில் ஒரு பைக் ஷோரூமில் அமலுக்கு வேலை. வண்டி வாங்க வருகிறவர்களை மாலை போட்ட வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அட்டையில் வெட்டிய பெரிய சாவியைக் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து ஷோரூமின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவான். ஷோரூமுக்கு எதிரே ஒரு சாக்கடை, பாதி இடித்துவிட்டு மறந்துபோன ஒரு சுவர், எந்நேரமும் புகையும் ஒரு பரோட்டாக் கல். ஆனால் போனில் போர்ட்ரெய்ட் மோடு என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் ஆள் மட்டும் பளிச்சென்று நிற்பார். சாக்கடையும் சுவரும் பின்னால் கரைந்து, நிறம் நிறமாக மிதக்கும். மணலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு கரும்புக்காரர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, சிங்கப்பூர்ல நிக்கற மாதிரி கீறேன்" என்று வெட்கப்பட்டார். அன்றிலிருந்து அமல் அந்த மோடை மாற்றியதே இல்லை. உலகத்தில் பாதி தேவையில்லாதது, அதைக் கொஞ்சம் கலைத்துவிட்டால் மனுஷன் நன்றாகத்தான் இருக்கிறான் என்பது அவன் கட்சி.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், பெட்டியை மூடுமுன் போட்டோ எடுப்பது பூசைக்கு அடுத்த சடங்கு. தலைமாட்டில் ஸ்டூல் வைத்துப் பெட்டியை உயர்த்துவார்கள், முகம் தெரியவேண்டும் என்று. முதலில் மனைவி மக்கள், அப்புறம் அண்ணன் தம்பிகள், அப்புறம் சம்பந்தி வகையறா. வரிசை மாறினால் அடுத்த கல்யாணம் வரை பேச்சுவார்த்தை இருக்காது. அந்தப் படங்களை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும். ஆனால் இல்லாமல் இருக்கக் கூடாது.

அன்றைக்குப் பங்குனி முகூர்த்தம். தியாகதுருகத்து ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் கல்யாண மண்டபங்களில் இருந்தார்கள். "நம்ம அமலு இருக்கறப்ப ஸ்டுடியோ எதுக்கு? அவன் போன்ல எடுத்தா அவனுங்க கேமராவெல்லாம் பிச்சை வாங்கணும்" என்று சித்தப்பா முடித்துவிட்டார். அமலின் அம்மா ரீத்தா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். போன வருஷம் திருநாவலூரில் ஒரு சொந்தக்காரர் இறந்தபோது எவனோ சவத்தின் முகத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். வெளியூரில் இருந்த மகள் அதைப் பார்த்துத்தான் தன் அப்பா இறந்ததையே தெரிந்துகொண்டாள். அதனால் ரீத்தா, "என் புள்ள எடுப்பான். வேற யாரும் போன வெளில எடுக்கக் கூடாது" என்று அழுகைக்கு நடுவே கண்டிப்பாகச் சொன்னாள். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். சொன்னதைக் கேட்கிற வழக்கமே இல்லாத சனம், அன்றைக்குப் பார்த்துக் கேட்டது.

அமலின் அப்பா ஆரோக்கியதாஸ், கல்வராயன் மலையில் கரியாலூர் பக்கத்தில் ஒரு மாணவர் விடுதிச் சமையல்காரர். செவ்வாய்க்கிழமை காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே மூட்டைமேல் சாய்ந்தார். விடுதிக்குக் காய்கறி கொண்டுவரும் குப்பன்தான் முதலில் பார்த்தார். மலைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஜீப்பில் ஏற்றினார்கள். ஏற்றும்போதே உயிர் இல்லை.

அமல் ஷோரூமிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினான். பாதி வழியில் ஒரு வளைவில் ஜீப் எதிரே வந்து நின்றது. பின்னால் குப்பன் அப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் தலை அசையக் கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முகத்தின் மேல் கம்பளி கிடந்தது.

"மூஞ்சியப் பாத்துக்க தம்பி" என்று கம்பளியின் நுனியை விலக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து அமலின் போன் அடித்தது. ஷைனி. குவைத்தில் நர்ஸாக இருக்கும் அக்கா. ஒரு தடவை மணி அடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. இதோ வருகிறேன் என்று குப்பனுக்குக் கையைக் காட்டிவிட்டு, வளைவுக்குக் கீழே இறங்கிப் போய், ஒரு பாறைமேல் நின்று அக்காவிடம் பேசினான். அவன் திரும்பி வந்தபோது டிரைவர் ஜீப்பைக் கிளப்பிவிட்டிருந்தான். கம்பளி பழையபடி மூடியிருந்தது. அமல் பின்னாலேயே வண்டியில் இறங்கினான். இறங்கும்போது அவனுக்கு அழுகை வரவில்லை. ஐஸ் பெட்டிக்கு யாரிடம் சொல்வது, பந்தலுக்கு யாரிடம் சொல்வது என்று ஓடியது மனசு. ஆம்பளைப் பிள்ளை, அவன்தானே பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சிக்கல். அது புனித வாரம். வியாழக்கிழமை பெரிய வியாழன், அடுத்து பெரிய வெள்ளி, அப்புறம் உயிர்ப்பு ஞாயிறு. இடையில் அடக்கத்துக்குப் பூசை வைக்க முடியாது என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். பூசையோடு அடக்கம் வேண்டுமென்றால் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை. அதுவரை ஐஸ் பெட்டியில் கிடத்தி வைப்பதா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பேசினார்கள் என்பது மரியாதைக்கு. சித்தப்பா பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். புதன்கிழமை என்று முடிவாயிற்று.

ஷைனிக்கு நேர் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. மஸ்கட் போய், அங்கே ராத்திரி காத்திருந்து, வியாழக்கிழமை காலையில்தான் சென்னை. அப்பாவைக் குழியில் இறக்கும் நேரத்தில் அவள் வானத்தில் இருப்பாள். வீடியோவில்கூடப் பார்க்க வழியில்லை. விமானம் ஏறும் முன் அமலுக்குப் போன் செய்தாள். கத்தவில்லை, அழவில்லை, டூட்டியில் பேசுகிற குரலில் பேசினாள்.

"அமலு, எனக்காக எதையும் நிறுத்தாதீங்க. நான் வர்ற வரைக்கும் மூடாதீங்கன்னு சொல்ல மாட்டேன். முகம் மட்டும் எனக்கு வேணும். கிட்டப் போயி எடு."

"சரிக்கா."

"உயிரோட இருக்கற போட்டோ எங்கிட்ட நெறைய இருக்குது. அது வேணாம். போன முகம் வேணும். இங்க வார்டுல பாக்கறேன்ல, கடைசி மூஞ்சியப் பாக்காதவங்க வருசக்கணக்கா வாசலப் பாத்துகினு இருப்பாங்க. பாக்காம மனசு நம்பாதுடா. எனக்கு நம்பணும்."

"எடுத்து வைக்கறேன்க்கா" என்றான் அமல். அந்த இரண்டு நாளில் அவனிடம் யாரும் சொன்ன வேலைகளில் இது ஒன்றுதான் அவனுக்கு நிஜமாகத் தெரிந்த வேலை.

அப்படித்தான் புதன்கிழமை சாயங்காலம் அவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிங்க என்று சொன்னது.

மனைவி மக்கள் வரிசையில் அம்மா தனியாக நின்றாள். அமல் போய் நின்றால் எடுப்பது யார்? பிறகு சித்தப்பா வரிசை. பிறகு அத்தைமார். பிறகு மலையிலிருந்து வந்தவர்கள். குப்பன் பெட்டிக்கு ரொம்பக் கிட்டே வராமல் ஓரமாக நின்றார். "கிட்ட வாங்கண்ணா, ஃபிரேமுக்குள்ள வாங்க" என்று அமல் கூப்பிட்டு நிறுத்தினான். திரையில் ஒவ்வொருவர் முகத்தின் மேலும் ஒரு மஞ்சள் கட்டம் வந்து உட்கார்ந்தது. கட்டம் விழுந்ததும் அமல் அமுக்கினான். கட்டம், அமுக்கு. கட்டம், அமுக்கு. வேலை சுத்தமாக நடந்தது.

கடைசியில் அக்கா கேட்ட படம். மேற்கு வெயில் போன்மேல் நேராக விழுந்தது. திரையில் அவன் முகம்தான் கறுப்பாகத் தெரிந்தது. கால்மாட்டில் நின்று, கையை நீட்டி, பெட்டிக்கு மேலாகப் பிடித்து இரண்டு முறை அமுக்கினான். கோயில் உபதேசியார் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "போதுமா தம்பி, சாமியார் நிக்கறாரு" என்றார். போதும் என்றான். மூடினார்கள்.

கல்லறையில் மண் போடும்போதும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரத்த பல்லைச் சுற்றி நாக்கு துழாவுகிற மாதிரி, அழுகை எங்கே என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தான். இல்லை. "அமலு தைரியமா இருக்கான். அம்மாவுக்கு அவன்தான் தெம்பு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தைரியமா, மண்ணாங்கட்டியா என்று அவனுக்கே தெரியவில்லை.

இருட்டுகிற நேரத்தில் மஸ்கட்டிலிருந்து அக்காவின் செய்தி வந்தது. 'எடுத்தியா?' 'எடுத்துட்டேன்' என்று இவன் அனுப்பினான். 'இப்ப அனுப்பாத. இங்க தனியா உக்காந்து என்னால பாக்க முடியாது. வூட்டுக்கு வந்து பாக்கறேன்.' போனை சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தான். படத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எடுத்தாயிற்று அல்லவா.

வியாழக்கிழமை காலையில், அக்கா கையில் கொடுக்கப் பெரிதாக ஒன்று பிரிண்ட் போட்டுவிடலாம் என்று கள்ளக்குறிச்சிக்குப் போனான். சின்னராசுவின் கடையில்தான் ஷோரூம் வேலையெல்லாம் நடக்கும். முன்னால் ஃபிளெக்ஸ், பின்னால் ஸ்டுடியோ. சாவு போஸ்டரையும் பிறந்தநாள் பேனரையும் ஒரே கம்ப்யூட்டரில் அருகருகே வைத்து அடிக்கிற மனுஷன். அவன் எழுந்து வந்து அமலின் கையைப் பிடித்துக்கொண்டான். டீ சொன்னான். பிறகு போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி, படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான்.

ஒன்றை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அமலு, அப்பா எங்கடா?"

"பெட்டிக்குள்ள."

"பெட்டி தெரியுது. உள்ள இன்னா கீதுன்னு தெரியலியே."

அமல் குனிந்து பார்த்தான். சித்தப்பாவின் சட்டைப் பையில் இருந்த பேனா தெரிந்தது. அத்தையின் கண்ணோரத்து நீர் தெரிந்தது. குப்பனின் காதில் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. எல்லாரும் ஒரு மயிர் விடாமல் துலக்கமாக நின்றார்கள். முன்னால் பெட்டி இருந்த இடத்தில் வெள்ளையும் சிவப்பும் கலந்து, கரைந்த சோப்பு மாதிரி ஒரு மங்கல். அதற்கு நடுவில் பழுப்பாக ஒன்று. அதுதான் முகமாக இருக்க வேண்டும். எந்தப் படத்தை எடுத்தாலும் அதே. கிட்டப் போய் எடுத்த இரண்டிலும் மார்மேல் கோத்து வைத்த கைகள் அற்புதமாக விழுந்திருந்தன. ஜெபமாலையின் மணி ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம். கைகளுக்கு அந்தப் பக்கம் இருந்த தலை, பின்னணியாகிக் கலைந்து போயிருந்தது.

"நின்னுகினு இருக்கறவங்களதான் போனு ஆளுன்னு எடுத்துகினு இருக்குது" என்று சின்னராசு மெதுவாகச் சொன்னான். "கண்ணு மூடி, பூவெல்லாம் போட்டு, படுத்துகினு இருக்கறாருல்ல. அவரப் பெட்டியோட சேத்துட்டுது."

"ப்ளர எடுக்க முடியாதாண்ணா?"

"சில போன்ல பின்னால கம்மி பண்ணிக்கலாம். உன்னுதுல அப்படியே வெந்துபோய் சேவ் ஆவுது. ப்ளர் போடாத பச்சைப் படம் இருந்தா எதுனா பண்ணலாம். இல்லியே." அவன் கொஞ்சம் யோசித்தான். "இரு. ஏஐல போட்டுப் பாக்கறேன். மூஞ்சி வந்துரும்."

முகம் வந்தது. டீ ஆறுவதற்குள் வந்தது. பெட்டிக்குள் ஒரு மனிதர் பளபளவென்று, பருவே கண்டிராத தோலோடு படுத்திருந்தார். இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

சின்னராசு சிலுவை போட்டுக்கொண்டான். அவன் இந்து. கை தன்னால் போயிற்று.

மறுபடி முயன்றான். மறுபடியும் கண் திறந்தே வந்தது. கண்ணை மூடு, கண்ணை மூடு என்று அதட்டுகிற மாதிரி ஏதேதோ எழுதினான். ஒருவழியாக மூடியது. ஆனால் முகம் பால் குடித்துத் தூங்குகிற குழந்தையின் முகமாகிவிட்டது. இன்னொரு தடவை மீசை வெள்ளையாயிற்று. இன்னொரு தடவை ஆளே யாரோ.

"நீ சொல்லு, அதுபடி போடறேன்" என்றான் சின்னராசு. "வாய்க்கட்டு கட்டியிருந்தாங்களா?"

அமல் திரையைப் பார்த்தான்.

"மூக்குல பஞ்சு?"

"தெரியலண்ணா."

"சவரம் பண்ணியிருந்தாங்களா, தாடி இருந்துதா? அதாவது சொல்லு."

அமல் யோசித்தான். ஜீப்பில் கம்பளி. ஐஸ் பெட்டியில் கண்ணாடி முழுக்க ஆவி. அம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், அந்த நேரம் இவன் தண்ணீர் கேன்காரனோடு வாசலில் நின்றான். குளிப்பாட்டும்போது பூவுக்குப் போயிருந்தான். பெட்டியில் வைத்த பிறகு போன் வழியாகப் பார்த்தான். போன் எங்கே கட்டம் போட்டதோ அங்கே பார்த்தான். பெட்டிக்குள் ஒரு தடவைகூடக் கட்டம் விழவில்லை. அப்பா செத்ததிலிருந்து அவன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அதைத் தெரிந்துகொண்டதும் நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தான். கிளாஸில் டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தூங்கற மூஞ்சியே போட்டுடலாமா? அவங்களுக்குத் தெரியவா போவுது" என்றான் சின்னராசு, நல்ல மனசோடு.

"வேணாம். அவ நர்ஸு. கண்டுபுடிச்சிடுவா."

நேர்மை கீர்மை ஒன்றும் அதில் இல்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான். போனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் வெயில். தியாகதுருகம் மலைக்கோட்டை எதிரே வந்தது, பக்கத்தில் வந்தது, பின்னால் போயிற்று.

ஷைனி மத்தியானம் வந்தாள். காரிலிருந்து இறங்கியதும் அம்மா போய்க் கட்டிக்கொண்டாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். ஷைனி நடுவில் நின்றாள், அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள், பி.பி. மாத்திரை போட்டியா என்று கேட்டாள். அவள் கண் காய்ந்திருந்தது. கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். புது மண்மேல் வாடிய மாலைகளைப் பார்த்தாள். கல்லறை வாசலுக்கு வெளியே கட்டியிருந்த பேனரில், போன கிறிஸ்துமஸுக்கு அமல் எடுத்த படத்தில், ஆரோக்கியதாஸ் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் வீட்டுச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் இளநீல மேகமாகியிருந்தன. ஷைனி அதையும் பார்த்தாள். யாருடைய அடக்கத்துக்கோ வந்தவள் மாதிரி நின்றுவிட்டுத் திரும்பினாள். அமலுக்கு அது புரிந்தது. ஊரில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

சாயங்காலம் பெரிய வியாழன் பூசை. சாமியார் கால் கழுவும் சடங்குக்குச் சீடர்களாகத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் இந்த வருஷம் ஆரோக்கியதாஸும் ஒருவர். அவர் இடத்தில் சித்தப்பா உட்காருவது என்று ஏற்பாடு. அதைப் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக எழுந்து போனாள். அவளோடு வீடே போயிற்று. ஷைனிக்குப் பயணக் களைப்பு என்று விட்டுவிட்டார்கள். அமல் துணைக்கு இருந்தான்.

அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து ஷைனி கையை நீட்டினாள். "குடு."

அவன் போனைக் கொடுத்தான். வேறு என்ன செய்ய.

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அவசரப்படவில்லை. அம்மா தனியாக நிற்பது, சித்தப்பா, அத்தைகள், மலைக்காரர்கள். இரண்டு விரலால் பெட்டியைப் பெரிதாக்கினாள். மங்கல் இன்னும் பெரிய மங்கலாயிற்று. அடுத்ததற்குப் போனாள். கடைசியில் கைகளின் படம் வந்தது. அதில் ரொம்ப நேரம் நின்றாள்.

"கை நல்லா வந்திருக்குது" என்றாள்.

"மோட மாத்தாம எடுத்துட்டேன்க்கா."

"உம்."

"சின்னராசுகிட்ட காமிச்சேன். ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு."

அவள் போனைக் கட்டிலில் குப்புற வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அம்மாகிட்ட கேட்டேன்" என்றாள். "தூங்கற மாதிரி இருந்தாருன்னுச்சு. அத்தையும் அதத்தான் சொல்லுது, சித்தப்பாவும் அதத்தான் சொல்றாரு. தூங்கற மாதிரி. அது நாங்க வார்டுல சொந்தக்காரங்களுக்குச் சொல்றதுடா. எத்தினி பேருக்குச் சொல்லியிருக்கேன். யாரும் தூங்கற மாதிரி இருக்க மாட்டாங்க." அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீதான் கிட்ட நின்னுகினு இருந்தே. நீ சொல்லு. எப்படி இருந்தாரு?"

தெருவில் கோயிலுக்குப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. அமல் வாயைத் திறந்தான். ஏதாவது சொல்லியிருக்கலாம். கன்னம் ஒட்டியிருந்தது, உதடு கறுத்திருந்தது என்று சொன்னால் யார் இல்லை என்பார்கள்? பொய்கூட வரவில்லை. பொய்க்கும் ஒரு முகம் வேண்டியிருந்தது.

"நான் பாக்கலக்கா."

"இன்னாடா?"

"போன்லதான் பாத்துகினு இருந்தேன். நேர்ல பாக்கவே இல்ல. மலையிலேர்ந்து எறங்கினதிலேர்ந்து ஒரு வாட்டிகூட."

 விமானத்தில் இருந்தவளுக்கும் பக்கத்தில் நின்றவனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று என்பது இருவருக்கும் தெரிந்தது. ஷைனி அவன் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அக்கா தம்பியைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை அளந்து வந்தது.

"உனக்கு அவரு மூஞ்சிதான்" என்றாள். பிறகு கட்டிலை விட்டு எழுந்தாள். "படு."

"எதுக்குக்கா?"

"படுடா."

அவன் படுத்தான். ஏன் என்று கேட்கிற பலம் இல்லை. படு என்று ஒருவர் சொன்னது நிம்மதியாகக்கூட இருந்தது. கட்டிலில் அப்பாவின் தலை எண்ணெய் வாசம் இருந்தது. ஷைனி அவன் தலைக்கு அடியிலிருந்து தலையணையை உருவினாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீளவாக்கில் மடித்து, அவன் மோவாய்க்கு அடியில் கொடுத்து, உச்சந்தலைக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். ரொம்ப இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. எத்தனையோ பேருக்குப் போட்டுப் பழகிய முடிச்சு. பல்லோடு பல் ஒட்டி வாய் மூடிக்கொண்டது. அவன் கைகள் இரண்டையும் எடுத்து மார்மேல் கோத்து வைத்தாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்து வைத்தாள். கலைந்த முடியை விரலால் பின்னுக்குத் தள்ளினாள்.

பிறகு அவன் கண்ணிமைகள்மேல் இரண்டு விரலை வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாக இறக்கினாள். குளிர்ந்த விரல்கள்.

இருட்டில் அமல் அசையாமல் கிடந்தான். அவள் தள்ளி நிற்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. அவள் பார்க்கிறாள். அந்தப் பார்வை முகத்தில் எங்கெங்கே போகிறது என்று தோலுக்குத் தெரிந்தது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். அவளுக்காக அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதைச் சுத்தமாகச் செய்தான்.

முதலில் ஒரு சின்ன சத்தம் வந்தது, இருமல் தொண்டையில் சிக்கிக்கொண்ட மாதிரி. அப்புறம், "அப்பா" என்றாள். அவனைத்தான் கூப்பிட்டாள். கட்டில் அதிர அவன் மார்மேல் விழுந்தாள். குவைத்திலிருந்து அடக்கிக்கொண்டே வந்தது அத்தனையும் அலறலாக வெளியே வந்தது. "போய்ட்டியாப்பா, என்னப் பாக்காமலே போய்ட்டியாப்பா" என்று கேட்டுக் கேட்டு, அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். அவள் கண்ணீர் அவன் இமைமேல் விழுந்து காதுப்பக்கம் வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. தனக்கும் வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை.

துடைத்துக்கொள்ளவும் கையை எடுக்கவில்லை. அவளாக எழுந்து துண்டை அவிழ்க்கும்வரை அமல் கண்ணைத் திறக்கவில்லை.